ஸ்னேர்ஸ்புரூக்கில் ஜூரியாக உட்காரப் போகும் சகோதரிக்கு

கேள்வி: "எனக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. ஈஸ்ட்ஹாமில் இருபது வருடமாக இருக்கிறேன். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டுக்கு ஜூரியாக வரச் சொல்லி நாலு நாளைக்கு முன் கடிதம் வந்தது. 'இங்கிலிஷ் தெரியாது என்று எழுதிப் போடு, விட்டுவிடுவாங்கள்' என்கிறார் அத்தான். வேலைக்குப் போதுமான இங்கிலிஷ் இருக்கிறது, ஆனால் கோர்ட்டில் கதைக்கிறது விளங்குமோ தெரியாது. ஒரு ஆளைச் சிறைக்கு அனுப்புகிற பாவத்தில் பங்கெடுக்கவும் பயம். படித்த வெள்ளைக்காரர் பதினொரு பேருக்கு நடுவில் நான் என்னத்தைச் சொல்லப் போகிறேன்? எங்கட ரவிராஜின் கொலை வழக்கில் ஜூரி என்ன தீர்ப்புச் சொன்னது என்று பார்த்தவள் நான். அப்படி ஒரு கூட்டத்தில் ஒருத்தியாக இருக்க மனம் வரவில்லை. என்னால் நியாயமாக நடக்க முடியுமா?" — வாசகி, கிழக்கு லண்டன்

அன்புள்ள சகோதரி,

அத்தானின் யோசனைப்படி செய்யாதீர்கள். ஜூரி கடமையிலிருந்து (ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கிற பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக இருப்பதிலிருந்து) தப்புவதற்காகத் தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பது 1974ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டப்படி குற்றம். கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டாலும், அன்றைக்குப் போகாமல் விட்டாலும் 1,000 பவுண் வரை தண்டம் விழலாம். 7 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். நாலு நாள் போய்விட்டது என்கிறீர்கள், ஆகவே இதை வாசித்து முடித்த கையோடு படிவத்தை நிரப்புங்கள். இணையத்திலேயே செய்யலாம். சத்திரசிகிச்சை, பிள்ளையின் பரீட்சை, ஏற்கெனவே போட்ட ஊர் டிக்கெட் என்று நியாயமான காரணம் இருந்தால் ஒரு தடவை தள்ளிப்போடக் கேட்கலாம். 12 மாதத்துக்குள் வேறு திகதி தருவார்கள்.

உங்களை யாரும் தேடிப் பிடித்ததாக நினைக்க வேண்டாம். வாக்காளர் பட்டியலிலிருந்து கணினி எழுந்தமானமாகப் பெயர்களை எடுக்கிறது. வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும், 13 வயதுக்குப் பிறகு ஐந்து வருடமாவது இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வாசகர்கள் பலர் 'எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, எனக்கு வராது' என்று நினைக்கிறார்கள். இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் இங்கே வாக்காளராகப் பதிந்திருந்தால் அவருக்கும் இந்தக் கடிதம் வரலாம்.

இனி உங்கள் ஆங்கிலம். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடித்துப் போகிறவர் சொல்வதைக் கேட்டு, யார் சாப்பிடவில்லை, யார் விழுந்தவர், எவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்து அடுத்தவருக்குப் பிழையில்லாமல் சொல்கிறவர் நீங்கள். ஜூரிக்கு வேண்டிய ஆங்கிலமும் பெரும்பாலும் அதுதான். சாட்சி சொல்ல வருகிறவர்கள் கடைக்காரர், பஸ் சாரதி, பக்கத்து வீட்டுக்காரர், பொலிஸ்காரர். அவர்கள் கதைக்கிற ஆங்கிலத்தை நீங்கள் நாளாந்தம் கேட்கிறீர்கள்.

அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு வழி இருக்கிறது. கிரவுன் கோர்ட்டு வழக்குகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு லீவு நாளில் வுட்கிரீனுக்கோ இன்னர் லண்டன் கோர்ட்டுக்கோ போய்ப் பார்வையாளர் பகுதியில் அரை நாள் இருந்து கேட்டுப் பாருங்கள். ஸ்னேர்ஸ்புரூக்குக்கு மட்டும் முன்கூட்டிப் போக வேண்டாம். பிறகு நீங்கள் ஜூரியாகக் கேட்க வேண்டிய வழக்கைப் பற்றி ஏதாவது காதில் விழுந்துவிடலாம். கேட்டுப் பார்த்தும் உண்மையாகவே பின்தொடர முடியவில்லை என்றால் அதை மறைக்காமல் கோர்ட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். அதே 1974 சட்டத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. நீதிபதி உங்களோடு கதைத்துப் பார்த்து முடிவு செய்வார், விடுவித்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளங்காமல் இரண்டு கிழமை தலையாட்டிக்கொண்டு இருப்பதுதான் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் செய்கிற அநியாயம்.

ஆனால் நீதிபதி சட்டத்தை விளக்கும்போது ஒரு பகுதி பிடிபடாமல் போனால், அது உங்கள் ஆங்கிலத்தால்தான் என்று சுருங்கிவிடாதீர்கள். 2010இல் நீதி அமைச்சுக்காகப் பேராசிரியர் செரில் தோமஸ் செய்த ஆய்வில், நீதிபதி வாயால் சொன்ன சட்ட விளக்கத்தை அவர் பயன்படுத்திய சொற்களிலேயே முழுதாக விளங்கிக்கொண்ட ஜூரர்கள் 31 சதவீதம்தான். அதே விளக்கத்தின் சுருக்கத்தை எழுத்திலும் கொடுத்தபோது அது 48 சதவீதமாகக் கூடியது. இப்போது நீதிபதிகள் பெரும்பாலும் எழுதியே கொடுக்கிறார்கள். 'முதல் கேள்வி இது, இதற்கு ஆம் என்றால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள், இல்லை என்றால் குற்றவாளி அல்ல என்று நிறுத்துங்கள்' என்று படிப்படியாக ஒரு தாள் வரும். அந்தத் தாளை ஒன்றுக்கு மூன்று தடவை வாசியுங்கள்.

ரவிராஜ் வழக்குக்கு வருகிறேன். சாவகச்சேரியில் பிறந்தவருக்கு அது வெறும் செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் பட்டப்பகலில் சுடப்பட்ட ஒரு தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரின் வழக்கு பத்து வருடம் இழுபட்டு, 2016 டிசம்பர் 24ஆம் திகதி, சிங்களம் பேசும் ஏழு பேர் கொண்ட ஜூரியால் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் விடுதலையில் முடிந்தது. இலங்கையில் எந்த மொழி ஜூரி வேண்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்க முடியும். இங்கிலாந்தில் அப்படி மொழிவாரியான பட்டியல் கிடையாது. இனம் பார்த்து, நிறம் பார்த்து ஜூரியை அமைக்க நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை.

அந்தத் தீர்ப்பில் எங்களை வாட்டியது முடிவு மட்டுமா? 'ஏன்?' என்று கேட்க ஒரு கதவும் இல்லாமல் போனதே, அதுவும்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கதவு இங்கேயும் மூடித்தான் இருக்கிறது. நீதிபதி எழுதுகிற தீர்ப்பில் பக்கம் பக்கமாகக் காரணம் இருக்கும். எங்கே பிழைத்தார் என்று மேல்நீதிமன்றத்தில் விரல் வைத்துக் காட்டலாம். ஜூரி சொல்வது 'கில்டி' அல்லது 'நொட் கில்டி', அவ்வளவுதான். காரணம் அந்த அறையை விட்டு வெளியே வராது. அறைக்குள் இருந்தவர்கள் கவனமாகக் கேட்டார்களா, மனச்சாட்சியோடு பேசினார்களா என்று யாரும் பிறகு போய்ப் பார்க்க முடியாது. அதனால்தான் ஜூரி முறை முழுவதும் உள்ளே இருக்கிற பன்னிரண்டு பேரின் நேர்மையில் தங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். அநியாயமான ஜூரித் தீர்ப்பின் வலி தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் வாதாடுகிற ஒரு சட்டத்தரணியாக நான் விரும்புகிறேன்.

இங்கே நிலைமை எப்படி என்று கேட்பீர்கள். அதே 2010 ஆய்வு, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள்கூடக் கறுப்பின, ஆசியக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டவில்லை என்று கண்டது. நீதித்துறையில் சிறுபான்மையினர் நடத்தப்படும் விதம் பற்றி 2017இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி கொடுத்த அறிக்கையும், பல இடங்களில் கடுமையாகக் குறை கண்ட அந்த அறிக்கையும், ஜூரித் தீர்ப்புகளைப் பற்றி அதையே சொன்னது. கிழக்கு லண்டன் பட்டியலிலிருந்து எடுத்தால் பதினொரு வெள்ளைக்காரர் வருவதும் அபூர்வம். ஈஸ்ட்ஹாம் பஸ்ஸில் பார்க்கிற முகங்களைத்தான் ஜூரி காத்திருப்பு அறையிலும் பார்ப்பீர்கள்.

பாவம் என்று எழுதியிருந்தீர்கள். தண்டனை கொடுப்பது நீதிபதியின் வேலை. எத்தனை வருடம் கிடைக்கும், அவருடைய பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவே கூடாது. இதைச் சொன்னவுடன் பாரம் இறங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது பாரமான வேலைதான். ஆனால் உங்களிடம் கேட்கப்படுவது 'இவர் நல்லவரா கெட்டவரா' என்ற கேள்வி இல்லை. 'இந்தக் குற்றத்தை இவர் செய்தார் என்று, இங்கே கேட்ட சாட்சியங்களை வைத்து, நீங்கள் நிச்சயமாக இருக்கிறீர்களா?' என்பதே கேள்வி. நிச்சயம் என்றால் நிச்சயம். 'செய்திருப்பார் போல இருக்கிறது', 'நெருப்பில்லாமல் புகையுமா' என்பவை போதாது. நிச்சயப்படுத்த வேண்டியது வழக்குத் தொடுத்த தரப்பு. தான் செய்யவில்லை என்று காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இல்லை. நிச்சயம் வராவிட்டால் விடுவிப்பதும், நிச்சயம் வந்துவிட்டால் மனம் இளகினாலும் குற்றவாளி என்று சொல்வதும் ஒரே கடமையின் இரண்டு பக்கம். பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு தாய் இருக்கிறார்.

இனி கேட்கிற வேலை. அதுதான் ஜூரியின் முழு வேலையும், ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

ஒரு கற்பனை வழக்கை எடுப்போம். பார்க்கிங் (Barking) ரோட்டில் ஒரு கோழிப் பொரியல் கடை வாசல், இரவு 11 மணி. ஒரு பொடியனுக்குக் கத்திக்குத்து. எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் நின்ற பெண் கூண்டில் ஏறி, 'இவர்தான், இந்த முகத்தை மறக்கவே மாட்டேன்' என்று அழுகிறார். அவர் பொய் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து. மனமறிந்து பொய் சொல்லாத சாட்சியும் ஆளை மாறிச் சொல்லலாம், அதுவும் முழு நம்பிக்கையோடு சொல்லலாம். 1970களில் டர்ன்புல் என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த விதிப்படி, இப்படியான வழக்கில் நீதிபதி ஜூரியை இதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, நடுவில் ஏதும் மறைத்ததா, முன்பே தெரிந்த முகமா, பொலிசுக்கு முதலில் சொன்ன அடையாளத்துக்கும் முன்னால் இருக்கிற ஆளுக்கும் வித்தியாசம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுவார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, 'நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது, அப்படித்தானே?' என்று கேட்கிறார். 'இல்லை' என்கிறார் அந்தப் பெண். இந்த இடத்தில் உங்கள் குறிப்பில் என்ன எழுதுவீர்கள்? 'பஸ் வந்தது' என்று எழுதினால் பிழை. சட்டத்தரணியின் கேள்வி எவ்வளவு கம்பீரமாக வந்தாலும் அது சாட்சியம் ஆகாது, பதில்தான் சாட்சியம். 'பஸ்? சாட்சி இல்லை என்கிறார். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்றதற்கு இரண்டு நிமிடம் என்றார்' என்று எழுதி வையுங்கள். மறுநாள் சிசிடிவி படம் போடுகிறார்கள். 23:04க்கு ஒரு பஸ் வந்து நிற்கிறது, 23:05க்குப் போகிறது, அதற்குள் பொடியன் விழுந்து கிடக்கிறான். முதல்நாள் நீங்கள் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுதாவிட்டால் ஞாபகத்தில் மிஞ்சுவது அந்தப் பெண்ணின் கண்ணீர் மட்டும்.

குறிப்பு எடுக்கத் தாளும் பேனையும் தருவார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு சாட்சிக்கு ஒரு தாள் என்று வைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, கூப்பிட்ட தரப்பு கேட்டதற்குச் சொன்ன பதிலை இந்தப் பக்கமும், குறுக்கு விசாரணையில் சொன்னதை அந்தப் பக்கமும் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுத முயல வேண்டாம். நான் எதிரே நின்று பார்க்கும்போது, தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிற ஜூரருக்குப் பதில் வருவதற்கு முன் சாட்சி தடுமாறிய இடம் தெரியாமலே போய்விடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியளவில் சிலருக்குக் கண் சொருகுவதும் தெரிகிறது. சோறு கட்டிக்கொண்டு போனால் அளவாகச் சாப்பிடுங்கள். தலையிடி, மயக்கம் என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் கறுப்பு அங்கி போட்ட கோர்ட்டு உதவியாளரான அஷருக்குக் கை காட்டுங்கள். நீதிபதி இடைவேளை விடுவார்.

சாட்சியின் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திக் கதைக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படி வளர்ந்த ஒரு சாட்சி நீதிபதியைப் பார்க்காமல் பதில் சொன்னால், மற்ற ஜூரர்களுக்கு அது கள்ளம் போலத் தோன்றலாம். 'அது மரியாதையாகவும் இருக்கலாம்' என்று உங்களால் சொல்ல முடியும். ஜூரர்கள் தங்கள் வாழ்க்கை அனுபவத்தோடு வந்து உட்கார வேண்டும் என்றுதான் சட்டமும் எதிர்பார்க்கிறது.

வழக்குத் தொடுத்த தரப்புத்தான் முதலில் பேசும், முதலில் சாட்சிகளைக் கூப்பிடும். இரண்டாம் நாளே 'ஆள் மாட்டினார்' என்ற எண்ணம் வந்துவிடும், எல்லோருக்கும் வரும். மறுபக்கத்தைக் கேட்கும்வரை அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. சாட்சி சொன்னது விளங்காவிட்டால், அல்லது யாரும் கேட்காத ஒரு கேள்வி உங்களை உறுத்தினால், தாளில் எழுதி அஷரிடம் கொடுங்கள். நீதிபதி இரண்டு தரப்போடும் கதைத்து, கேட்கக்கூடிய கேள்வி என்றால் கேட்பார். உடனே கொடுக்க வேண்டும். கலந்து பேச அறைக்குள் போன பிறகு புதிய சாட்சியம் எதுவும் வராது.

இணையம் பக்கம் போகவே கூடாது. பெயரைத் தேடக்கூடாது, இடத்தைத் தேடக்கூடாது, முகநூலில் பார்க்கக்கூடாது. 2011இல் லூட்டனில் ஒரு ஜூரர், பல்கலைக்கழக விரிவுரையாளர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை இணையத்தில் தேடி, முன்பு அவர்மேல் வேறொரு குற்றச்சாட்டு இருந்ததைக் கண்டு மற்ற ஜூரர்களுக்குச் சொன்னார். அந்தப் பழைய வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டவர். விசாரணை கலைக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர் இன்னொரு தடவை கூண்டில் ஏறி எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது, ஜூரருக்கு ஆறு மாதச் சிறை. மான்செஸ்டரில் ஒரு போதைப்பொருள் வழக்கில், மற்றவர்களைப் பற்றி இன்னும் முடிவாகாத நிலையில், விடுவிக்கப்பட்ட பெண்ணோடு முகநூலில் கதைத்த ஜூரருக்கு 2011 ஜூனில் எட்டு மாதம். இவை நடந்தபோது நீதிமன்ற அவமதிப்பாகத்தான் பார்க்கப்பட்டன. 2015 முதல் இது தனியான குற்றம், இரண்டு வருடம் வரை சிறை.

அந்தச் சட்டத்தில் தேடுதல் என்பது இணையத்தோடு நிற்கவில்லை. சம்பவம் நடந்த இடத்துக்குப் போய் நின்று பார்ப்பது, வீட்டில் பரிசோதனை செய்து பார்ப்பது, 'நீ ஒருக்கா தேடிச் சொல்லு' என்று மகனிடம் கேட்பது எல்லாம் அடங்கும். அந்தக் கோழிப் பொரியல் கடை நீங்கள் நாளாந்தம் போகிற பஸ்ஸின் வழியில் இருந்தால் என்ன செய்வது? பஸ்ஸில் போவது குற்றமில்லை, இறங்கி நின்று தூரம் அளப்பதுதான் குற்றம். அந்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றால் அதைத் தொடக்கத்திலேயே நீதிபதிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாத்திரியாரிடமும் கேட்க வேண்டாம். இதை வேண்டுமென்றே எழுதுகிறேன்: 1990களில் ஒரு கொலை வழக்கில், ஹோட்டலில் தங்கவைக்கப்பட்ட ஜூரர்கள் சிலர் ஆவியைக் கூப்பிடும் பலகையை வைத்துக் கொல்லப்பட்டவரிடமே கேட்டுப் பார்த்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்து வழக்கைத் திரும்ப நடத்த உத்தரவிட்டது.

எங்கள் சமூகத்துக்கென்றே இரண்டு விடயம் இருக்கிறது. ஜூரியைத் தெரிவுசெய்யும்போது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் சொல்லி, யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். கோயிலில் கண்டவர், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர், மச்சாளின் பக்கத்து வீட்டுக்காரர் என்று மெல்லிய தொடர்பாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். லண்டனில் எங்கள் உலகம் சிறியது.

மற்றது, தமிழில் சாட்சி சொல்கிற ஒருவர் வந்து, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வது பிழை என்று உங்களுக்குத் தெரிந்தால்? 'அடிச்சவன்' என்பதை 'கொல்லப் பார்த்தான்' என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். பிறகு ஜூரி அறையில் 'அவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தமிழ் தெரியும்' என்று மற்றவர்களுக்கு விளக்குவது சரியில்லை. இரண்டு தரப்பும் கேட்டு மறுத்துப் பேச முடியாத ஒன்று அப்போது சாட்சியமாக உள்ளே நுழைந்துவிடும். அந்த நிமிடமே ஒரு குறிப்பு எழுதி அஷரிடம் கொடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் நீதிபதி அதைத் தீர்த்து வைப்பார்.

சத்தியப்பிரமாணம் பற்றி ஒரு வார்த்தை. பகவத்கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்யலாம். சைவர்கள் சிலர் கீதையில் சத்தியம் செய்யத் தயங்குவார்கள். மத நூல் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம், இரண்டுக்கும் ஒரே பெறுமதி. அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாசித்தால் போதும், பாடமாக்கத் தேவையில்லை.

கடைசியில் அந்த அறை. கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துவிட்டுப் பன்னிரண்டு பேரையும் உள்ளே விடுவார்கள். தலைவர் ஒருவரை நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். தலைவருக்கும் ஒரு வாக்குத்தான், கோர்ட்டில் தீர்ப்பை அறிவிப்பது அவருடைய மேலதிக வேலை. உள்ளே போனவுடன் 'கை உயர்த்துங்கள் பார்ப்போம், யார் யார் கில்டி' என்று யாராவது தொடங்கினால், 'முதலில் நீதிபதி தந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?' என்று கேளுங்கள். தொடக்கத்திலேயே கையைத் தூக்கிவிட்டால் மனிதர் தன் கையைக் காப்பாற்றத்தான் பேசுவார், சாட்சியத்தைப் பற்றிப் பேச மாட்டார். உங்களுக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் குறிப்பை வைத்துக்கொண்டு பேசுங்கள். 'இரண்டு நிமிடம் பார்த்தேன் என்று அவர் சொன்னார், படத்தில் பஸ் நிற்கிறது, இது எனக்குச் சரிவரவில்லை' என்று சொல்லப் படித்த ஆங்கிலம் தேவையில்லை. அந்த ஒரு வசனம் மற்றவர்களின் அரை மணி நேரப் பேச்சை நிறுத்தக்கூடியது.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகத்தான் முதலில் கேட்பார்கள். குறைந்தது இரண்டு மணி பத்து நிமிடம் கழிந்த பிறகே, நீதிபதி பொருத்தமென்று கண்டால், 11க்கு 1 அல்லது 10க்கு 2 என்ற பெரும்பான்மையை ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லுவார். அந்த ஒருவர் அல்லது இருவர் நீங்களாக இருக்கலாம். மற்றவர் சொன்ன நியாயம் மனதில் பட்டால் கருத்தை மாற்றுங்கள், அது தோல்வி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதற்காக மாற்ற வேண்டாம்.

லண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லி கட்டடத்துக்குள் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1670இல், தெருவில் பிரசங்கம் செய்த வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரர்களுக்கானது. சோறு தண்ணீர் இல்லாமல், குளிருக்கு நெருப்பும் இல்லாமல் இரவிரவாக அடைத்து வைத்தார்கள். மறுபடி மறுபடி கேட்டும் அவர்கள் மாறவில்லை. ஆளுக்கு 40 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) தண்டம் போட்டு, கட்டும்வரை சிறையில் வைத்தார்கள். எட்வர்ட் புஷல் என்ற ஜூரரும் இன்னும் சிலரும் கட்ட மறுத்து வழக்குப் போட்டார்கள். தன் மனச்சாட்சிப்படி தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வோகன் தீர்ப்பளித்தார். இன்றைக்கு நீங்கள் எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் யாரும் உங்களைத் தொட முடியாது என்பது அங்கிருந்து வருகிறது.

அறைக்குள் யார் என்ன சொன்னார், எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை வழக்கு முடிந்த பிறகும் யாரிடமும் சொல்லக் கூடாது. வீட்டிலும் கூடாது, வாட்ஸப் குழுவிலும் கூடாது, பத்து வருடம் கழித்தும் கூடாது. அறைக்குள் ஒருவர் இனத்துவேசமாகப் பேசினாலோ, இணையத்தில் தேடினேன் என்றாலோ அதை மட்டும் மறைக்காதீர்கள். வழக்கு முடிய முன்னரே நீதிபதிக்கு எழுதிக் கொடுங்கள். கேட்ட சாட்சியம் நித்திரையில் வந்து வருத்தினால் குடும்ப வைத்தியரிடம் போகலாம், அல்லது 116 123 என்ற இலக்கத்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பை எந்த நேரமும் கூப்பிடலாம். பகிரங்கமாகக் கோர்ட்டில் நடந்ததைச் சொல்லலாம், அறைக்குள் நடந்ததைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலைத்தலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாக 10 வேலைநாள், சில வழக்கு அதைவிட நீளும். எந்த வழக்குக்கும் எடுபடாமல் காத்திருப்பு அறையிலேயே நாள் போவதும் உண்டு. இல்லத்து முகாமையாளர் லீவு தந்தே ஆக வேண்டும், ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம். சம்பளம் தரும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தராவிட்டால் இழந்த சம்பளத்துக்கு ஒரு நாளுக்கான உச்சவரம்புக்குள் கோர்ட்டிடம் கேட்கலாம், அதற்கான படிவத்தில் அவர்கள் கையொப்பமிட வேண்டும், அதை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். 'பகலில்தானே கோர்ட், இரவு வேலைக்கு வாங்கோ' என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். இரவு முழுக்க விழித்திருந்தவரால் பகலில் சாட்சியத்தைக் கேட்க முடியாது. வருகிற மாத வேலை அட்டவணை போட முன்னர் உங்கள் திகதிகளை அவர்களுக்கு எழுத்தில் கொடுத்து, அந்த இரண்டு கிழமையும் இரவு வேலை இல்லை என்று எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள்.